செவலைக்கு அடுத்தது

தும்பலான்கொட்டாயைச் சுற்றி எட்டு ஊரில், பச்சியப்பனின் வண்டிச் சத்தம் தெரியாத மாடு கிடையாது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவருடைய தொழில். வண்டி தொண்ணூற்று நாலாம் வருசத்து டூ ஸ்ட்ரோக். சிவப்பு நிறம், அதனால் செவலை என்று பேர். விந்துக் குச்சிகள் உறைந்து கிடக்கும் நைட்ரஜன் கேனைப் பின்சீட்டு ஓரமாகக் கட்டிக்கொண்டு அவர் ஏரிக்கரையில் திரும்பினாலே பாதி மாடு சினையாகிவிடும், மிச்சத்துக்குத்தான் ஊசி என்று பாப்பாரப்பட்டிச் சந்தையில் பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை அவர் ஊசிக்குப் பிறந்த கிடாரிக் கன்று ‘அம்மா’ என்று கத்தாமல் டுர்ரென்று கத்தியது. கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் செத்துப்போனார்கள். மூன்றாவது ஆள் பொய் சொல்லமாட்டார். பிறவியிலிருந்தே வாய் பேசாதவர்.

அப்படிப்பட்ட வண்டியை ஒரு மாசி மாதத்துக் காலையில் பச்சியப்பனால் உதைக்க முடியவில்லை.

மூன்று வருசமாகவே வலது முட்டி அவர் பேச்சைக் கேட்பதில்லை. முதலில் சம்மணம் போனது. பிறகு குத்துக்காலிட்டு உட்காருவது போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஏற்பாடு பண்ணிக்கொண்டார். வீட்டில் துவைக்கிற கல்லை ஒட்டி வண்டியை நிறுத்தி, கல்மேல் ஏறி, அங்கிருந்து காலைப் போடுவார். போகிற இடத்தில் சரிவு பார்த்து நிறுத்துவார். திரும்பும்போது உருட்டிவிட்டு கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும், உதைக்க வேண்டியதில்லை. எட்டு ஊரிலும் எந்த வாசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது சர்வேயரைவிட அவருக்கு அத்துப்படி. போன மாதம் தும்பலான்கொட்டாய்க்கு சிமெண்ட் ரோடு போட்டார்கள். அவர் வாசல் பலகை மாதிரி சமமாகிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது.

அன்றைக்கு மாட்டுக்கார மாது போன் பண்ணும்போது மணி ஏழு.

“அண்ணா, மாடு பருவத்துக்கு வந்துருச்சி, நேத்து பொழுது எறங்கப் புடிச்சி கத்துதுங்க. கண்ணாடியாட்டம் ஒழுகுது. இப்ப போட்டாத்தான் நிக்கும். சீக்கிரமா வாங்க.”

“கெளம்பிட்டன்னு வெச்சிக்க.”

கல்லில் ஏறி, காலைப் போட்டு, உதைத்தார். முட்டி பாதி மடங்கி நின்றுகொண்டது. இரண்டாவது உதையில் முட்டிக்குள் கொள்ளு வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்றாவதில் வண்டியும் அவரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். கேன் மட்டும் சீட்டோடு பத்திரமாக இருந்தது. அந்தக் கட்டு அவர் போட்டது.

அவர் சம்சாரம் செல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டையெடுத்த புளி ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம். அவள் எழுந்து வந்து சேர நேரமானது.

“ஆடி அசஞ்சி வர்றா பாரு. மேல வண்டி கெடக்குது.”

“வரன் மாமா, வரன். நான் என்னா ஆம்புலன்சா.”

அவளால் வண்டியைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட்டு, தூக்கி நிறுத்தி, ஏரிக்கரை மேடு வரைக்கும் தள்ளவிட்டு, அங்கிருந்து உருட்டி, அவர் மாது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. தொட்டியோரம் இளம்பரிதி கையுறையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். பென்னாகரத்துப் பக்கமிருந்து புதிதாக வந்து ஊசி போடுகிறவன். அவன் வண்டி எந்தச் சரிவும் இல்லாத இடத்தில் அலட்சியமாக நின்றது.

“வாங்கண்ணா,” என்றான் மரியாதையாக. மரியாதை அன்றைக்கு ரொம்ப வலித்தது.

மாது தலையைச் சொறிந்தான். “பத்து மணி வரைக்கும் பாத்தங்கண்ணா. தப்புனா இருவத்தோரு நாளு காத்துக் கெடக்கணும். அந்த நாள எனக்கு நீங்க தருவீங்களா, மாடு தருமா?”

“செரி உடு. யாரு போட்டா என்ன.”

“இனிமேட்டுக்கு போன் பண்ணா, வண்டி எந்திரிச்சுதான்னு மொதல்ல சொல்லிடுங்க.”

“வண்டி எந்திரிச்சிதான் நிக்குது மாது. ஆளுதான் எந்திரிக்கல.”

அந்த வாரம் நாலு மாடு இளம்பரிதிக்குப் போனது. பச்சியப்பன் போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். போனில் பழுது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் கதிரவன் ஓசூரிலிருந்து வந்தான். அங்கே கம்பெனியில் ஷிப்டு வேலை. களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

“ப்பா, அதைக் குடுத்துட்டு வேற எடுத்துரலாம். பட்டன அமுக்குனா ஸ்டார்ட் ஆவுற வண்டியா.”

“செவலைக்கு என்ன கொறச்சல்?”

“அதுக்கு ஒரு கொறச்சலும் இல்லப்பா. உனக்குத்தான்.”

“இஞ்சினு பிரிச்சது ரெண்டே தடவ. தொப்பூர் மேட்டுல கரும்பு லாரி தெணறி நிக்கறப்ப நான் ரெண்டாவது கியர்ல ஏறிப் போயிருக்கன், முன்னால டேங்கு மேல ஒரு கன்னுக்குட்டிய வெச்சிக்கிட்டு.”

“அந்தக் கன்னுக்குட்டி போன வருசம் நீ சொன்னப்ப வெறும் கன்னுக்குட்டி. இப்பத்தான் லாரி சேந்துருக்குது.”

“லாரி அப்பவும் இருந்துச்சிடா. நான் சொல்லல.”

செல்லி சுவரில் சாய்ந்து நின்றபடி குழம்பை ஊற்றினாள். “முப்பது வருசம் கூடவே இருந்தா எது கொறன்னு தெரியாது,” என்றாள். இரண்டு பேரும் அவள் வண்டியைச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள்.

தர்மபுரி ஷோரூமில் காவியா என்ற பெண் வந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து வரவேற்றாள். பச்சியப்பன் வண்டிகளைச் சுற்றி வந்தார். சந்தையில் மாடு பிடிக்கிற கை. டேங்கைத் தட்டினார், ஹாண்டிலை ஆட்டினார், பின்னால் போய் நின்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எல்லாமே பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு நிக்குதே கதிரு. கத்துற மாடு கணக்கா.”

“மாடல் அப்படித்தான் சார்,” என்றாள் காவியா. மாடு கத்துவது எதற்கென்று அவளுக்குத் தெரியாது. கதிரவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கறுப்பு வண்டி ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. காலைத் தூக்கினார். கால் சைலன்சர் உயரத்துக்குப் போய், அதற்குமேல் போக மனமில்லாமல் திரும்பியது. கதிரவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். காவியா பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். ஸ்டூலில் ஏறியும் சீட்டைத் தாண்டவில்லை. ஸ்டூலில் நின்றபடியே கை நீட்டிப் பட்டனை அமுக்கினார். இஞ்சின் ஓடியது. சத்தமே இல்லை.

“ஓடுதா?”

“ஓடுது சார்.”

“மாட்டுக்கு எப்பிடித் தெரியும்?”

காவியா அடுத்த வரிசைக்குக் கூட்டிப்போனாள். ஸ்கூட்டரைக் காட்டினாள். அதிலும் முட்டி மடங்க வேண்டியிருந்தது. காலை ஊன்றி வண்டியைத் தாங்க அவரால் ஆகவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து காவியா மேலேயே விழப்போனார். அவள் விழாமல் பிடித்து நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னாள்.

“சைடு வீல் போட்டும் தர்றோம் சார். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். ஊனவே வேண்டாம்.”

சந்தையில் தன் மாட்டுக்குப் பல்லில்லை என்று ஒருவன் கூட்டத்தில் சொன்ன மாதிரி இருந்தது பச்சியப்பனுக்கு. “நாளைக்கி வரம்மா,” என்று வெளியே வந்து, வெயிலில் நின்றார். அந்த ஷோரூமுக்கு அந்த வாரம் அவர் போகவில்லை. கதிரவன் லீவு சொல்லி இருந்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரம்மாவிடம் அவரைக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். எலும்பு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. பச்சியப்பனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“எலும்பு கெட்டியாத்தானுங்க இருக்குது.”

“அதாங்க வியாதியே. தாடையால நெஞ்சத் தொடுங்க.”

கழுத்து பாதி வழியில் நின்றது.

“குனிஞ்சு கால் விரலத் தொடுங்க.”

கை முட்டி வரைக்கும் போனது.

“என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

“வூட்டு போர் தண்ணிங்க. எங்கப்பா காலத்துல போட்டது. சக்கரையாட்டம் இருக்கும்.”

“உங்க ஊருக்கு ஒகேனக்கல் ஆத்துத் தண்ணி வரலையா?”

“வருதுங்களே. பத்து பன்னெண்டு வருசமா வருது. ரெண்டு நாளைக்கி ஒருக்கா.”

“அதை என்ன பண்றீங்க?”

பச்சியப்பன் மகனைப் பார்த்தார். மகன் எக்ஸ்ரேயைப் பார்த்தான்.

“வண்டி கழுவுவங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“போர் தண்ணியில கழுவுனா டேங்கு மேல வெள்ள வெள்ளையா திட்டுப் புடிச்சிக்கிதுங்க,” என்று விளக்கினார் பச்சியப்பன். “தேச்சாலும் போவறதில்ல. ஆத்துத் தண்ணியில அந்த வேலையே இல்ல. குடிச்சாத்தான் மருந்து வாசம் அடிக்கும். வண்டிக்கு வாசம் தெரியாதுங்களே.”

“திட்டுப் புடிக்கிறதப் பாத்தீங்க.”

“பாத்தங்க.”

“வண்டிக்கு அந்தத் தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்சிது.”

“தெரிஞ்சிதுங்க.”

அதற்குமேல் டாக்டரம்மா கேட்கவில்லை. தண்ணீரில் இருக்கிற ஒரு உப்பு எலும்பில் ஏறிக்கொள்கிறது, ஏறினது இறங்காது, இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், வலிக்கு மாத்திரை உண்டு என்றார். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. பிறகு கதவோரம் பார்த்தார்.

“கூட வந்தவங்க யாரு?”

“சம்சாரங்க. பைலு புடிச்சிக்க வந்தா.”

“நீங்களும் அதே தண்ணிதானம்மா?”

“அதேதாங்க. நான்தானே எடுத்தாரது.”

“ரெண்டு கையையும் பின்னந்தலைக்குக் கொண்டு போங்க.”

செல்லி பைலைக் கதிரவனிடம் கொடுத்தாள். கை இரண்டும் காது வரைக்கும் ஏறி அங்கேயே நின்றன.

“சரி, இறக்குங்க. நேரா நிமிந்து நில்லுங்க.”

“நிமிந்துதாங்க நிக்கறன்.”

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்து மேலிருந்து கீழே தடவினார்.

“எத்தன வருசமா இப்பிடி?”

“ஆறு ஏழு இருக்குங்க. வயசாவுதில்ல, அதுன்னு இருந்துட்டன்.”

“அவருக்கு முட்டி, கழுத்தோட நிக்குது. உங்களுக்கு முதுகு, தோள், இடுப்பு. உங்களுக்குத்தாம்மா அதிகம்.” அவளுக்கும் எக்ஸ்ரே எழுதினார்.

கதிரவன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஓசூர் பஸ் ஏறினான். இவர்கள் இருவரும் பாப்பாரப்பட்டி டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது. செல்லி கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு படி, பிறகு மூச்சு, பிறகு அடுத்த படி என்று ஏறினாள். கண்டக்டர், “ஏறு ஆயா, நேரமாவுது,” என்றான். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பச்சியப்பன் கீழே நின்று பார்த்தார். முப்பது வருசத்தில் அவள் பஸ் ஏறுவதை அவர் பார்த்ததில்லை. அவர் எப்போதும் வண்டியில் முன்னாலேயே போயிருப்பார்.

ஜன்னலோரம் வெயில் அடித்தது. மாந்தோப்புகளில் பூ கருகிக் கிடந்தது. ரொம்ப தூரம் போன பிறகு கேட்டார்.

“அதான் செவலையில ஏறாம இருந்தியா?”

“எக்கி உக்காரணுமே. எக்க முடியல.”

“நீ வெக்கப்படறதா நான் நெனச்சிக்கிட்டன்.”

“பேரன் எடுக்கற வயசுல எனக்கு என்னா வெக்கம் மாமா? சந்தைக்கி நாலு மைலு நடந்து போனன். நடக்க முடியுது, ஏறத்தான் முடியல.”

“சொல்லியிருக்கலாமில்ல.”

“சொன்னா என்னா பண்ணுவ? ஊசி போடுவியா?”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பச்சியப்பன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“எட்டூரு மாடும் எதுக்குக் கத்துதுன்னு தூரத்துல இருந்தே சொல்லிடுவ,” என்றாள் செல்லி, ஜன்னலைப் பார்த்தபடி. “நான் கத்தல. அதான் தெரியல உனக்கு.”

மறுநாள் ஆற்றுத் தண்ணீர் வந்தது. செல்லி குடிக்கிற குடத்தைக் கழுவி அதைப் பிடித்து வைத்தாள். அவர் ஒரு டம்ளர் குடித்து முகத்தைச் சுளித்தார். அப்புறம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, “அதுக்கு?” என்றார்.

“அதுக்கு போர் தண்ணி. அதுக்கு மூட்டு இல்ல.”

அடுத்த ஞாயிறு கதிரவன் செவலையை ஓட்டிக்கொண்டு தர்மபுரிக்கு முன்னால் போனான். பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். பச்சியப்பனும் செல்லியும் பஸ்ஸில் வந்தார்கள். இவர்கள் உள்ளே நுழைந்தபோது செவலை வெளியே, புது வண்டிகளுக்குச் சேராமல் தள்ளி நின்றது. டேங்கில் ஒரு திட்டு இல்லை. அவர் அதன் சீட்டை ஒரு தரம் தடவிவிட்டு வந்தார்.

காவியாவுக்கு அவரை ஞாபகம் இருந்தது. “ஸ்டூல் கொண்டாரட்டுங்களா சார்?”

“எனக்கு வேணாம்மா. இன்னிக்கி இவ ஏறிப் பாக்கட்டும்.”

“ஓட்டப்போறது நீங்கதானே சார்?”

“ஓட்டறது யாரு வேணா ஓட்டலாம்.”

செல்லி கறுப்பு வண்டியின் பக்கத்தில் போய் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள். “இது வண்டி இல்ல, ஏணி,” என்றாள். அடுத்ததில் இடுப்பு சீட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அதற்கடுத்ததில் அரைச் சாண். பச்சியப்பன் வண்டியைப் பார்க்கவேயில்லை. அவள் பாதத்தையும் முட்டியையும் இடுப்பையும் பார்த்துக்கொண்டு, “வேணாம், எறங்கு” என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

மூலையில் தூசி படிந்து ஒன்று நின்றது. ஸ்கூட்டர், இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம், சீட்டு தாழ்வாக இறக்கியிருந்தது. நல்ல ரோஸ் நிறம்.

“அது ஒருத்தர் ஆர்டர் குடுத்து செஞ்சது சார். எடுக்க வரல.”

“ஏன், புடிக்கலையா?”

“தவறிட்டாருங்க.”

“அப்ப வண்டி மேல தப்பில்ல,” என்றார் பச்சியப்பன்.

செல்லி அதற்கு முதுகைக் காட்டி நின்று, கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகத்திலிருந்து ஒரு சுமை இறங்கியது. “நீயும் உக்காரு,” என்றாள். அவர் முன்பக்கம் நடந்து உள்ளே போய், காலை எங்கேயும் தூக்காமல் அப்படியே அமர்ந்தார். வலது கால் பலகைமேல் நீட்டிக்கொண்டது. இரண்டு காலுக்கும் நடுவில் கேன் வைக்க இடம் இருந்தது. வண்டி அசையவில்லை.

“இது வரப்புல வராது செல்லி.”

“மாடு ரோட்டுக்கு வரட்டும்.”

“வருமா?”

“வந்தா வருது. வராததுக்கு அந்தப் பையன் போவட்டும்.”

எட்டு ஊரில் கொட்டகை வரைக்கும் ரோடு உள்ள ஊர் மூன்று. அதை அவர் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதில் தும்பலான்கொட்டாயும் ஒன்று.

“பாத்தாச்சுங்களா சார்? இறங்கிக்கலாம்,” என்றாள் காவியா.

“எறங்கு,” என்றார் பச்சியப்பன்.

“நீ மொதல்ல எறங்கு. உன்னப் புடிச்சாத்தான் எனக்கு எந்திரிக்க வரும்.”

“எனக்கு முட்டி ஹாண்டிலுக்கு அடியில மாட்டிக்கிச்சி. பின்னால இருந்து நீ கொஞ்சம் தூக்கி உடு.”

“தூக்கறதுன்னா கை மேல போவணுமே மாமா.”

இரண்டு பேரும் சற்று முயன்றார்கள். பிறகு சும்மா உட்கார்ந்தார்கள். கதிரவன் அந்தக் கோடியில் மேசைமுன் நின்று செவலையின் எக்ஸ்சேஞ்ச் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காவியா யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்துவிட்டு, வேலையிலேயே குறியாகக் கேட்டாள்.

“அப்ப இதையே போட்டுரலாங்களா சார்?”

“போட்டுரும்மா.”

“கலர் மட்டும் வேற வேணும்னா பத்து நாள் ஆகும்.”

“கலரு கெடக்குது. எறங்க முடியல.”

காவியா சிரிப்பதா என்று தெரியாமல் ஆள் கூப்பிடப் போனாள்.

அப்போது வெளியே யாரோ வண்டியை உதைத்தார்கள். ஒரே உதை. டுர்ரென்று பிடித்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்ச் எடுக்கிற ஆள் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தான். சத்தம் வாசலைத் தாண்டி, ரோட்டில் ஏறி, சேலம் பக்கமாகத் திரும்பியது. பச்சியப்பன் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார். கழுத்து பாதியில் நின்றது. உடம்பைத் திருப்பலாம் என்றால் பின்னால் செல்லி உட்கார்ந்திருந்தாள்.

“போயிடுச்சா பாரு,” என்றார்.

“எனக்கும் திரும்பலையே மாமா,” என்றாள் செல்லி.